பகலில் தூங்கும் குழந்தைகள்

ஜூன் 8, சனி

என் குழந்தை மிருதுவைப் பகலில் விடுவதற்கு இன்று மூன்று காப்பகங்களைப் பார்த்தேன். எங்கேயும் எரிச்சல் இல்லாமல் வெளியே வரவில்லை.

முதல் இடம், பேக்கரிக்கு மேலே இருக்கும் மாடி. டிவிக்குக் கீழே பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிற பெண் சத்தத்தைக்கூடக் குறைக்காமல் பேசினாள். "பதிவு பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன். "எதைப் பதிவு பண்ணணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். மிருது என் தோளைக் கடித்தாள். கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது, ராயக்கோட்டை சாலையில் வசந்தகோகிலம் என்பவர் நடத்தும் காப்பகம். பழைய வீடு. கொடி முழுக்கக் குட்டிக் குட்டி ஜட்டிகள். பதிவுச் சான்றிதழை நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும், சிரிக்கத் தெரியாது போல. குழந்தை எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவாள், கோபம் வந்தால் என்ன செய்வாள், ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா, அப்பா என்ன வேலை, அவர் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் ஏன் வரவில்லை என்பது இவருக்கு எதற்கு?

"இடம் இருக்கா இல்லையா?" என்றேன்.

"இப்ப இல்லம்மா. கைக்குழந்தைங்களை ஒரு அளவுக்கு மேல எடுக்க மாட்டோம். ஜூலை கடைசில ஒரு இடம் காலியாகும்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். பிள்ளையை விடப் போனேனா, பரீட்சை எழுதப் போனேனா?

மூன்றாவது 'குட்டி மேகம்'. என் கணவர் யுவராஜோடு வேலை பார்க்கும் பிரதீப்பின் மனைவி அஞ்சனா நடத்துகிறாள். சுவரெல்லாம் நீல வானமும் மேகமும். பெற்றோர் செல்போனிலேயே பார்க்கலாம் என்று கேமரா வைத்திருக்கிறாள். பதிவு பற்றிக் கேட்டதும், "அப்ளை பண்ணியாச்சு இந்து, ப்ராசஸ்ல இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எல்லோரும் இதே 'ப்ராசஸ்' என்ற வார்த்தையை எங்கே வாங்குகிறார்கள்?

யுவராஜ் வரவில்லை. வாரம் முழுக்கப் பெங்களூருக்குப் பஸ்ஸில் போய்வருகிறார். சனிக்கிழமையாவது தூங்கட்டும். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஜூன் 9, ஞாயிறு

"நமக்குத் தெரிஞ்சவங்க நடத்தறாங்க இந்து. அதைவிட என்ன பதிவு வேணும் உனக்கு?" என்றார் யுவராஜ்.

"தெரிஞ்சவங்கன்னா தப்பே பண்ண மாட்டாங்களா?"

"அப்ப நீ வீட்ல இருந்து பாத்துக்கோ. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

கோபத்தில் சொல்லவில்லை. தோசைக்குச் சட்னி கேட்கிற குரலில்தான் சொன்னார். என் விடுப்பு பதினேழாம் தேதியோடு முடிகிறது. இனி ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். தருமபுரியில் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன். இல்லை.

குட்டி மேகத்தில் சேர்ப்பதாக அஞ்சனாவுக்குச் சொல்லிவிட்டோம்.

ஜூன் 18, செவ்வாய்

முதல் நாள். விட்டபோது கத்தினாள். ஆயா முனிலட்சுமி என் இடுப்பிலிருந்து அவளைப் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது.

சிப்காட்டில் எங்கள் தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. சாப்பாட்டு இடைவேளையில்தான் கேமராவைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு கத்தினாளே, களைத்துப் போயிருப்பாள்.

ஜூன் 20, வியாழன்

எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கும் ரெஹானாவும் தன் பையன் அயானை அங்கேதான் விடுகிறாளாம். காலையில் கேட்டில் பார்த்தேன். "கவலைப்படாதீங்க இந்துக்கா, ரெண்டே நாள்ல பழகிடும். இவனைப் பாருங்க" என்றாள். அயான் அழவில்லை. அவள் தோளிலிருந்து ஆயாவின் தோளுக்கு மாறினான், அவ்வளவுதான்.

மதியம் கேமராவில் மிருது தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 26, புதன்

சாயங்காலம் கூட்டி வரும்போதே தூக்கம். முகம் கழுவிப் பவுடர் போட்டு, சட்டை மாற்றித்தான் தருகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. வந்து இரண்டு வாய் சோறு. மறுபடி தூக்கம். குழந்தை பிறந்த பிறகு முதல் முறையாக இருவரும் உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்தோம்.

"செட்டில் ஆயிட்டா பாரு. நீதான் பயந்துக்கிட்டே இருந்த" என்றார்.

துணி எல்லாம் மடித்துவிட்டேன். பரணையும் ஒழித்துவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

தொழிற்சாலையில் தொண்டை கிழியக் கத்தினேன். தரம் பார்ப்பது என் வேலை. பிரேக் பாகங்களில் துளை சரியில்லை. மூன்று நாட்களாக அதையும் இதையும் காரணம் சொல்கிறார்கள். பார்த்தால் பழுதானவை எல்லாம் ஒரே மெஷினிலிருந்து வந்தவை. "பார்ட்டைத் திட்டி என்ன பிரயோஜனம்? எந்த மெஷின்ல இருந்து வருதுன்னு பாருங்க" என்றேன். சூப்பர்வைசர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மிருது சனி, ஞாயிறு மட்டும் பேயாட்டம் ஆடுகிறாள். தூங்குவதே இல்லை, சிணுங்கல், முடியைப் பிடித்து இழுப்பது. திங்களிலிருந்து வெள்ளி வரை அதே குழந்தை தங்கம். எங்களோடு இருப்பது பிடிக்கவில்லையோ? பெற்றவளுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று யாருக்காவது தெரியுமா?

ஜூலை 5, வெள்ளி

ஜன்னலில் காக்கா வந்தால் "கா, கா" என்று கையை ஆட்டுவாள். இன்று காக்கா வந்து கத்திவிட்டுப் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. பல் முளைக்கிறது. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

ஜூலை 10, புதன்

மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

மதியம் தொழிற்சாலையில் லைன் நின்றுவிட்டது. பாதி நாள் விடுமுறை விட்டார்கள். மிருதுவைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகலாம் என்று குட்டி மேகத்துக்குப் போனேன். கேட் உள்ளே பூட்டியிருந்தது. தட்டிய பிறகு முனிலட்சுமி வந்தாள்.

"என்ன மேடம் இந்நேரத்துல? அஞ்சனா மேடம் வெளிய போயிருக்காங்க. சாயந்திரம் வாங்களேன்."

"என் பிள்ளையைப் பார்க்க அவங்க எதுக்கு?" என்று உள்ளே போனேன். வேகத்தில் கதவு சுவரில் போய் மோதியது.

ஹால் நிறையக் குழந்தைகள். கைக்குழந்தையிலிருந்து மூன்று வயதுப் பையன் வரை எல்லோரும் பாயில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். கதவு அந்த இடி இடித்தும் ஒரு குழந்தைகூடப் புரளவில்லை. ஒருவன் உதட்டில் ஈ உட்கார்ந்திருந்தது. அதைக்கூட அவன் உணரவில்லை. அயான்தான் அது.

மிருதுவைத் தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன், பாதத்தில் சுண்டினேன். கண் பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது.

சமையலறையில் கேமரா கிடையாது. மேடையில் ஒரு பெரிய சிரப் பாட்டில். பக்கத்தில் ஒரு ஸ்பூன், எல்லோருக்கும் அந்த ஒரே ஸ்பூன்.

"இது என்ன?"

"சளி மருந்து மேடம்."

"யாருக்குச் சளி?"

ஸ்பூனை எடுத்துக் கழுவப் போனாள்.

"கேக்கறேன்ல! யாருக்குச் சளி?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பாட்டிலை எடுத்து என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் இருந்தபடியே ரெஹானாவுக்கும் போன் செய்து சொன்னேன்.

மருத்துவர் பாட்டிலைப் பார்த்தார். "இது அலர்ஜிக்குக் குடுக்கற மருந்து. தூக்கம் வரும். இந்த வயசுக் குழந்தைக்கு டாக்டர் சொல்லாம குடுக்கவே கூடாது. எத்தனை நாளா குடுக்கறாங்க?"

"தெரியாது."

"சாயந்திரம் மந்தமா இருப்பாளா? சாப்பாடு குறைஞ்சுதா? கூப்பிட்டா திரும்பறது குறைஞ்சுதா?"

"இல்லை" என்றேன். பிறகு, "பல் முளைக்குதுன்னு நினைச்சோம்" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவர் அப்படி எழுதியதும் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம்தான் மிருது கண் விழித்தாள். கையில் ஊசி குத்தியிருப்பதைப் பார்த்து வீறிட்டாள். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்து கிலுகிலுப்பையை ஆட்டினாள். "விடுங்க, அழட்டும்" என்றேன்.

யுவராஜ் இன்னும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மீட்டிங்காக இருக்கும்.

ஜூலை 11, வியாழன்

ராத்திரி யுவராஜ் வந்து சேர்ந்தார். காலையில் மிருதுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். பத்து மணிக்கே அஞ்சனாவும் பிரதீப்பும் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து நின்றார்கள்.

"சாரி இந்து. ஆயா கொஞ்சம் அதிகமா குடுத்திருக்கா. அவளை நிறுத்திட்டேன்."

"கொஞ்சமா குடுத்திருந்தா பரவாயில்லையா?"

"ஊர்ல எல்லா இடத்துலயும் இப்படித்தான். நான் ஒண்ணும் புதுசா பண்ணல."

"என் பிள்ளைக்கு மருந்து குடுக்க உனக்கு யார் சொன்னது?"

அஞ்சனா யுவராஜைப் பார்த்தாள். "கேட்டுட்டுத்தான் குடுத்தோம். முதல் வாரமே உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணேன். பாப்பா அழுதுட்டே இருக்கா, லேசா ஒரு சிரப் குடுக்கலாமான்னு கேட்டேன். குடுங்கன்னார்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"மீட்டிங்ல இருந்திருப்பேன்" என்றார். "காய்ச்சலுக்குன்னு நினைச்சிருப்பேன். சரியா ஞாபகம் இல்ல இந்து."

பழப் பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தேன். அவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். காதில் வாங்காமலே சம்மதித்த மனிதரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

ஜூலை 12, வெள்ளி

"பிரதீப் தினம் என் பக்கத்து சீட்ல உட்கார்றவன். பெருசு பண்ணாத" என்றார் காலையில். பிறகு, "பேசாம வேலையை விட்டுடேன். பிரச்சனையே முடிஞ்சுது" என்றார்.

யாருடைய பிரச்சனை?

மிருதுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, காப்பகங்களுக்குப் பதிவு கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரியிடம் பாட்டிலையும் மருத்துவர் தந்த குறிப்பையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல பதிவும் இல்ல, விண்ணப்பமும் இல்லம்மா" என்றார்.

ப்ராசஸ்ல இருக்காம்! தொடங்கவே இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பொய் அது.

"சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்போமே" என்றார் அந்த அதிகாரி. கனிவாகத்தான் சொன்னார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

ஜூலை 17, புதன்

என் புகாரின் பேரில் அதிகாரிகள் குட்டி மேகத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மேகம் வரைந்த போர்டை இன்னும் எடுக்கவில்லை.

சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று மேலாளர் தினம் கேட்கிறார். யுவராஜிடம் யாரும் கேட்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

சாயங்காலம் ரெஹானா வந்தாள். கூட இன்னும் இரண்டு அம்மாக்கள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"உங்க கோபம் தீந்துடுச்சா அக்கா?" என்றாள். "நாளைக்கு எங்க பிள்ளைங்களை எங்க விடறது? அதைச் சொல்லுங்க."

"உன் பையனுக்கும்தானே ரெஹானா குடுத்திருக்காங்க! அவன் வாயில ஈ உக்காந்திருந்தது, நான் பார்த்தேன்."

"புகார் குடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஒரு வாரம் டைம் குடுத்திருந்தா வேற இடம் பார்த்திருப்போம்ல? உங்க வீட்டுக்காரருக்கு நல்ல சம்பளம். நான் போகலைன்னா எங்க வீட்ல அடுப்பு எரியாது."

"அதுக்காக மருந்து குடுத்துத் தூங்க வைக்கறதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

கூட வந்தவர்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ரெஹானா அழவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாயந்திரம் கண்ணைத் திறக்காம வருவான். நல்லா தூங்கறானேன்னு நான் நிம்மதியா சமையல் பண்ணேன் அக்கா. நீங்க?"

கதவைச் சாத்திவிட்டேன். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை.

ஜூலை 19, வெள்ளி

எதுவும் எழுதத் தோன்றவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முனிலட்சுமி எதிரே வந்தாள். நான் விலகிப் போயிருப்பேன். அவள்தான் நின்றாள். கையில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை.

"பாப்பா எப்டிகீது மேடம்?"

"நீ அதைக் கேக்காத."

"கேக்கத்தான் செய்வேன். நான்தானே தூக்கிக்கினு இருந்தேன்." பையைக் கீழே வைத்தாள். "அத்தினி புள்ளைங்க, நான் ஒருத்தி. ஒண்ணு அழுதா எல்லாம் அழும். நீங்கள்லாம் போன்ல பாப்பீங்க. பாத்துட்டு அஞ்சனாம்மாக்குப் போன் போடுவீங்க, ஏன் எம் புள்ள அழுவுதுன்னு. அது எனக்குப் போன் போட்டுத் திட்டும். ஒரு நாளு அதுதான் அந்த பாட்டிலைக் குட்த்துச்சு."

"குடுத்தா ஊத்திடுவியா? உனக்குப் புத்தி இல்ல?"

"இருந்துச்சு. இவ எங்க இருந்தா தெரியுமா அப்போ?" குழந்தையை முன்னால் இழுத்துக் காட்டினாள். "வூட்ல. உள்ள வச்சு பூட்டிக்கினு வருவேன். பக்கத்து வூட்டம்மா ஜன்னல்ல சோறு குடுக்கும். எம்புள்ளைய யாரும் கேமராவுல பாக்கல."

கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பாவம்தான். ஆனால் ஸ்பூனைப் பிடித்தது அவள் கை. என் கோபத்தை யாரும் பேசிக் குறைக்க வேண்டாம்.

ஜூலை 25, வியாழன்

வசந்தகோகிலத்திடம் போனேன். ஒரே ஒரு இடம் காலியாகியிருக்கிறது. இந்த முறை நானும் கேள்வி கேட்டேன். எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள், ஒருத்தர் லீவ் போட்டால் யார் வருவார்கள், தூங்காத குழந்தையை என்ன செய்வீர்கள், மருந்து எங்கே இருக்கும், சொல்லாமல் வந்தால் உள்ளே விடுவீர்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மருந்து அலமாரியைத் திறந்து காட்டினார். சமையலறைக்குள் நானே போய்ப் பார்த்தேன். அலுவலகத்துக்கும் போன் செய்து கேட்டுவிட்டேன். பதிவு உண்மைதான்.

"தூங்கலைன்னா தூங்கல. நாம என்ன பண்ண முடியும்? தூக்கிட்டு நடப்போம்" என்றார்.

பிறகு சொன்னார், "முதல் மூணு நாள் வீட்டு ஆள் ஒருத்தர் பிள்ளை கூடவே உக்காரணும். யார் வருவீங்க?"

"அவங்க அப்பா" என்றேன். யுவராஜிடம் கேட்காமலே சொன்னேன்.

ஜூலை 26, வெள்ளி

"மூணு நாளா? எனக்கு ஆபீஸ்ல ப்ராஜெக்ட் ரிலீஸ் இருக்கு இந்து. மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்வேன்?"

"பிள்ளைக்குன்னு சொல்லுங்க."

"நீ ஏற்கெனவே லீவ்லதானே இருக்க!"

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன். மிருது வீட்ல இருப்பா. நீங்க பஸ் ஏறினா அவ தனியா இருப்பா. உங்க இஷ்டம்."

"என்ன பேசற நீ?"

"இந்தத் தடவை காதுல விழுந்துதா?" என்றேன்.

ஜூலை 31, புதன்

மூன்று நாளும் போனார். முதல் நாள் இடைவேளையில் நான் போன் செய்தபோது, "இவ எதுக்கு அழறான்னே தெரியல, என்ன பண்றது?" என்றார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இன்று சட்டையெல்லாம் கேழ்வரகுக் கஞ்சியோடு வந்தார். "கோவம் வந்தா தன் காதையே பிடிச்சு இழுத்துக்கறா, தெரியுமா உனக்கு?" என்றார், புதிதாகக் கண்டுபிடித்தவர் போல.

"தெரியும்" என்றேன்.

பிரதீப்போடு பேசுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

"இன்னும் எவ்ளோ நாள் கோவமா இருப்ப?"

"தெரியல."

சட்டையை ஊறவைக்கப் போனார். சோப்புத் தூள் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை, தேடி எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

பேருந்து நிலையத்தில் ரெஹானா. தோளில் அயான் தூங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆறு மணிகூட ஆகவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பேக்கரி மாடிதான், வேறெங்கே?

"எங்க விட்ட இவனை? எந்த இடம்?" என்று கேட்டுக்கொண்டே அவன் காலைப் பிடித்து உலுக்கினேன். "எழுப்பு ரெஹானா. எழுப்பு!"

அயான் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். அப்படி ஒரு கோபம் அவன் முகத்தில். பஸ் ஹாரனையெல்லாம் அமுக்கிக்கொண்டு கத்தினான். செருப்பைக் கழற்றி என் மேல் எறிந்தான்.

ரெஹானா அவன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள், "எங்கயும் விடல. என்கூடத்தான் இருக்கான். நான் வேலையை விட்டு ஆறு நாளாச்சு அக்கா. பேக்கரி மாடியப் போய்ப் பார்த்தேன். மனசு வரல."

செருப்பை எடுத்து அவன் காலில் மாட்டிவிட்டேன். அவன் உதைத்தான். வசந்தகோகிலத்திடம் இருந்த ஒரே இடத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பஸ்கள் வந்தன, போயின. அங்கேதான் ரெஹானா சொன்னாள். ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் நிர்வாகமே குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். ராஜினாமாவைக் கொடுக்கப் போனபோது ஹெச்.ஆர். மேலாளரிடமே கேட்டிருக்கிறாள். "அப்ளை பண்ணியிருக்கோம்மா, பார்த்துட்டு இருக்கோம்" என்றாராம்.

"திங்கக்கிழமை காலைல அயானைத் தூக்கிட்டு கேட்டுக்கு வா" என்றேன்.

"எதுக்கு?"

"வா."

ஆகஸ்ட் 12, திங்கள்

நாங்கள் ஒன்பது பெண்கள். குட்டி மேகத்துக்கு அனுப்பியவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் கேள்விப்பட்டு வந்தார்கள். பிள்ளையைத் தங்கையிடம் விடுகிறவள், பக்கத்து வீட்டில் விடுகிறவள், எங்கே விடுவதென்றே இன்னும் தெரியாத ஏழு மாதக் கர்ப்பிணி. மிருதுவை இன்று நான் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. அவளும் வந்தாள்.

பிள்ளைகளோடு உள்ளே விட மாட்டேன் என்றார் செக்யூரிட்டி. "சரி, நாங்களும் போகல" என்று கேட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். நான் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எங்கள் பிரிவிலிருந்து பெட்டி போகாது. அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்தார். பிறகு ஹெச்.ஆர். மேலாளர் வந்தார். வெயிலில் நின்று பேச முடியாது என்று அவரே எங்களை கேன்டீனுக்குக் கூட்டிப் போனார்.

அடுத்த வாரம் கமிட்டி, அதற்கடுத்த மாதம் ரிப்போர்ட் என்று ஆரம்பித்தார். ரெஹானா குறுக்கே பேசினாள். இங்கே வேலை பார்த்தபோது அவள் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. "தேதி வேண்டாம் சார். ரூமைக் காட்டுங்க" என்றாள்.

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். ஜன்னல் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது. மதியத்துக்குள் நாற்காலிகள் வெளியே வந்தன. மேலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பயிற்சி பெற்ற இரண்டு பேரை வைப்பார்கள், முறையாகப் பதிவு செய்வார்கள், எந்த நேரமும் தாய் உள்ளே போகலாம். பதிவு வரும்வரை வெளியே பதிவுள்ள இடங்களுக்கு நிர்வாகம் பணம் கட்டும். இடம் கிடைக்காதவர்கள் வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டு. ரெஹானாவின் ராஜினாமாவை அவள் முன்னாலேயே கிழித்தார்.

திரும்பி வரும்போது ரெஹானா கேட்டாள், "முனிலட்சுமியை இங்க கேக்கலாமா அக்கா? பயிற்சி குடுத்து? அவ பொண்ணும் கூட இருக்கலாம்." முடியாது என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அது ஒன்றில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒன்றை எழுத விட்டுப்போயிற்று. கேன்டீனில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது அயான் தட்டைத் தட்டிக்கொண்டு கத்தினான். அவனைப் பார்த்து மிருதுவும் கத்தினாள். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் சேர்ந்துகொண்டன. மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, காது வலிக்குது. இதுங்களைக் கொஞ்சம் தூங்க வைக்கக் கூடாதா?"

ஒன்பது பேரில் ஒருத்திகூட எழுந்து போகவில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.